"வீடு இல்ல... அஸ்திவாரம்தான் கிடக்கு!" - தோவாளை திண்ணையிலிருந்து டால்ஸ்டாய் பண்ணைக்கு ஒரு வீடியோ கால்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. தோவாளை பூச்சந்தை காலையிலேயே ஓய்ந்திருந்தது. வீட்டுக்கென்று ஒதுக்கிய பிச்சி மொட்டுகளைத் திண்ணையில் கொட்டி, நனைத்த வாழைநாரில் கட்டிக்கொண்டிருந்தார் ஆச்சி. எண்பதைத் தாண்டிய விரல்கள். பார்க்காமலே கட்டும்.

என் போன் அடித்தது. சித்தி. வாட்ஸ்அப் வீடியோ கால்.

சித்தப்பாவின் வேலைக்காக சித்தி குடும்பம் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறது. அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். நமக்கு இரண்டு என்றால் அவர்களுக்குக் காலை பத்தரை. ஞாயிறுதோறும் வருகிற கால்தான் இது. வழக்கமாக சித்தியின் தலைக்குப் பின்னால் அடுக்களை தெரியும். அன்று வானம் தெரிந்தது. பிறகு காய்ந்துபோன மஞ்சள் புல். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் புல்.

"அம்மா, கேக்குதா? நம்ம ஆரல்வாய்மொழி காத்து மாதிரி அடிக்கு இங்க!"

"காத்து மட்டும்தான் கேக்கு. எங்க மக்கா நிக்க? யாரு வயலு அது?"

"வயல் இல்லம்மா. காந்தி இருந்த இடம். டால்ஸ்டாய் பண்ணை."

ஆச்சி போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வீட்ட எங்க?"

சித்தி கேமராவைக் கீழே திருப்பினார். புல்லுக்கு நடுவே செங்கல் வரிசை. முழங்கால் உயரம்கூட இல்லை. "வீடு இல்லம்மா. அஸ்திவாரம்தான் கிடக்கு."

சித்தியை அங்கே போகச் சொல்லி நச்சரித்தது நான்தான். காரணம் ஒரு குற்றவுணர்ச்சி. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், அக்டோபர் 2 வந்தால் 'காந்தி பற்றி நீங்கள் அறியாத 10 விஷயங்கள்' என்று ஒன்று போட்டே ஆகவேண்டும். போன முறை அதை எழுதியது நான். டால்ஸ்டாய் பண்ணைக்கு அதில் ஒரே ஒரு வரி. எழுதி முடித்தபிறகு அந்த ஒரு வரியைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். படிக்கப் படிக்க, அது காந்தியின் கதை மட்டுமல்ல, நம் ஊர்ப் பக்கத்துக் குடும்பங்களின் கதையும்கூட என்று புரிந்தது. அதுவும் குறிப்பாகப் பெண்களின் கதை.

நிலம் நம்முடையது அல்ல

அமெரிக்காவில் 1862-ல் ஒரு சட்டம் வந்தது. குடும்பத்தோடு போய்ப் புல்வெளியில் குடியேறி, வீடு கட்டி, ஐந்து வருடம் உழுது பயிரிட்டால் 160 ஏக்கர் உனக்கே என்றது அந்தச் சட்டம். இன்றைக்கும் அந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகள், கொள்ளுத் தாத்தா கட்டிய வீடு இருந்த இடத்தைத் தேடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். (அது ஏற்கெனவே அங்கே வாழ்ந்த பழங்குடிகளின் நிலம் என்பது இன்னொரு கதை.)

தென்னாப்பிரிக்காவின் உயர்ந்த புல்வெளிகளும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால், அங்கே போன நம் ஆட்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1860-ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் போனார்கள். நேட்டால் மாகாணத்தில் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் ஆளுக்கு வருடம் 3 பவுண்டு வரி கட்டவேண்டும். பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலில் 1885-ம் ஆண்டின் 3-வது சட்டப்படி, ஒதுக்கப்பட்ட பகுதிகளைத் தவிர வேறெங்கும் ஆசியர்கள் நிலமோ வீடோ சொந்தமாக வைத்துக்கொள்ளவே கூடாது.

அதனால்தான் டால்ஸ்டாய் பண்ணையின் பத்திரம் ஒரு வெள்ளைக்காரர் பெயரில் இருந்தது. அவர் ஹெர்மன் காலன்பாக். ஜெர்மானிய யூதர், கட்டடக் கலைஞர், காந்தியின் நெருங்கிய நண்பர்.

1906-ல் டிரான்ஸ்வாலில் தொடங்கிய போராட்டம் நான்கு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஆண்கள் சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கடை வண்டி எல்லாம் போய்விட்டது. வீட்டில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் என்ன சாப்பிடுவார்கள்? மாதாமாதம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே அடுப்பில் என்று காந்தி யோசித்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காலன்பாக் வாங்கிய 1,100 ஏக்கரை 1910 மே 30 அன்று வாடகை இல்லாமல் கொடுத்தார்.

குன்றின் அடியில் ஒரு சின்ன வீடு. ஆறேழு பேர் தங்கலாம். இரண்டு கிணறு, ஓர் ஊற்று. ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம் என்று ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள். அவ்வளவுதான் இருந்தது. மீதி எல்லாம் அவர்களே கட்டியது. கட்டி முடியும்வரை கூடாரத்தில் படுத்தார்கள். ஆண்களுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாகத் தகரக் கொட்டகைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பட்டறை.

"தகரக் கொட்டகையா? இந்தக் குளிருலயா?" என்றார் சித்தி. ஜூலை மாதம், அங்கே குளிர்காலம். காலை பத்தரைக்கும் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தியிருந்தார்.

ஒரே அடுப்பு

காந்தியின் கணக்குப்படி நாற்பது இளைஞர்கள், இரண்டு மூன்று வயதானவர்கள், ஐந்து பெண்கள், இருபது முப்பது பிள்ளைகள். தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி பேசுகிறவர்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்று எல்லோரும் உண்டு. அசைவம் சாப்பிடும் குடும்பங்களிடம், வேண்டுமென்றால் உங்களுக்கு அது கிடைக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தாராம் காந்தி. பெண்கள் கூடிப் பேசி, ஒரே சமையலே போதும், சைவமே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு சமையல் செய்வதன் கஷ்டம் அடுப்படியில் நிற்பவர்களுக்குத்தானே தெரியும்!

கோதுமையைக் கையால் அரைத்து ரொட்டி சுட்டார்கள். வறுத்த கோதுமையில் காபி. தோட்டத்து ஆரஞ்சில் மார்மலேட். கழிவு அள்ளுவது, குழிவெட்டிப் புதைப்பது எல்லாம் முறைபோட்டு. வேலைக்காரர் என்று ஒருவரும் கிடையாது. காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்திக்குச் சொல்லிக்கொடுத்தார். பாம்புகள் நிறைய. கொல்வதா வேண்டாமா என்று பெரிய விவாதமே நடந்திருக்கிறது. காலன்பாக் பாம்புகளைப் பற்றிப் புத்தகங்கள் வாங்கிப் படித்து, எல்லாப் பாம்பும் விஷமல்ல என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தாராம்.

பண்ணை வேலையாக ஜோகன்னஸ்பர்க் போனால் மூன்றாம் வகுப்பு ரயில். சொந்த வேலை என்றால் நடைதான். 21 மைல் என்றால் சுமார் 34 கிலோமீட்டர். நம் கணக்கில் தோவாளையிலிருந்து நாகர்கோவில் போய், திரும்பி வந்து, மறுபடியும் போவது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, இரண்டரைக்குக் கிளம்பினால் ஆறேழு மணி நேரம். ஒருவர் 4 மணி 18 நிமிடத்தில் நடந்திருக்கிறார். அது ஒரு சாதனையாகப் பேசப்பட்டது. "ரெண்டு மணிக்கு எந்திரிக்கதா? நம்ம சந்தைக்காரங்க தெனமும் எந்திரிக்காவ" என்றார் ஆச்சி. அதில் அவருக்கு எந்த ஆச்சர்யமும் இல்லை.

எனக்குப் பிடித்த இடம் பள்ளிக்கூடம். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது காந்தி! அவருக்குத் தெரிந்த தமிழ் கப்பல் பயணத்திலும் சிறையிலும் போப் எழுதிய கைநூலை வைத்துப் படித்தது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாது. எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் இவர் சொல்லிக்கொடுத்தார். பேச்சில் அவர்கள்தான் கெட்டி. ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் பார்க்க வந்தால் அந்தப் பிள்ளைகள்தான் வாத்தியாருக்கு மொழிபெயர்ப்பாளர்கள். இதை அவரே 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார்.

1912-ல் கோகலே வந்தபோது லாலி ஸ்டேஷனிலிருந்து நடத்தியே அழைத்து வந்தார்கள். வழியில் மழை பிடித்து, உடம்புக்கு முடியாமல் போனது. அப்படியும் தனக்கென்று போட்ட கட்டிலை வேண்டாம் என்று சொல்லி, மற்றவர்களைப்போலத் தரையில்தான் படுத்தார்.

1913 தொடக்கத்தில் பண்ணையைக் கலைத்துவிட்டு நேட்டாலில் உள்ள ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போனார் காந்தி. மூன்று வருடம்கூட முழுதாக ஓடவில்லை.

ஆனால், கதை அங்கே முடியவில்லை.

'திருமதி' என்றால் யார்?

1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யாத திருமணங்கள் அந்நாட்டில் செல்லாது. நம் வீட்டுக் கல்யாணம், நிக்காஹ் எல்லாம் ஒரே நாளில் காற்றில் போயின. தாலி கட்டிய பெண்கள் மனைவியே அல்ல என்றாகிவிட்டது. பெண்கள் கொதித்துப்போனார்கள்.

அதுவரை பெண்களைச் சிறைக்கு அனுப்பத் தயங்கிய காந்தி, இப்போது முதலில் போய்க் கேட்டது டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்களிடம். கஷ்டம் அவர்களுக்குப் பழகியிருந்தது. சிறையில் கிடைக்கும் சாப்பாடு, வேலை எல்லாவற்றையும் சொல்லி எச்சரித்தும் அவர்கள் பின்வாங்கவில்லை. பதினொரு பேர் கிளம்பினார்கள். அதில் ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை.

அனுமதி இல்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டினார்கள். போலீஸ் பிடிக்கவில்லை. உரிமம் இல்லாமல் கூடை வியாபாரம் செய்து பார்த்தார்கள். அப்போதும் பிடிக்கவில்லை! சிறைக்குப் போகவே இப்படி அலைந்தவர்கள், அடுத்து நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசிலுக்குப் போனார்கள். அது நிலக்கரிச் சுரங்க ஊர். தொழிலாளர்களில் ஏராளமானோர் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள். 3 பவுண்டு வரி நீங்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று அந்தக் குடியிருப்புகளில் போய் இவர்கள் பேசினார்கள். அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் தீப்போலப் பரவியது. அதன்பிறகுதான் அரசாங்கத்துக்குப் பயம் வந்தது. அக்டோபர் 21 அன்று பதினொரு பேருக்கும் மூன்று மாதச் சிறை.

இந்தப் பெண்களின் பட்டியலைக் காந்தி தன் 'தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகம்' நூலில் கொடுத்திருக்கிறார். நான் போனில் அதைத் திறந்து ஆச்சிக்கு வாசித்தேன். திருமதி தம்பி நாயுடு. திருமதி என்.பிள்ளை. திருமதி கே.முருகேச பிள்ளை. திருமதி ஏ.பெருமாள் நாயுடு. திருமதி பி.கே.நாயுடு. திருமதி கே.சின்னசாமி பிள்ளை...

கட்டுவதை நிறுத்தினார் ஆச்சி.

"இதெல்லாம் மாப்பிளமாரு பேருல்லா. அவளுவளுக்குப் பேரு கிடையாதா?"

நியாயமான கேள்வி. அந்தக் காலத்து வழக்கம் அது என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால், அந்த வருடம் போராட்டத்துக்கு நெருப்பு வைத்தவர்கள் இந்தப் பெண்கள். ஒருவரைத் தவிர அத்தனை பேரும் தென்னிந்தியக் குடும்பத்தினர். தம்பி நாயுடுவின் மனைவி பெயர் வீரம்மாள் என்பதும், அந்த ஒருவரான பவானி தயாளின் மனைவி பெயர் ஜக்ராணி என்பதும் பிற்பாடு எழுதியவர்களால் நமக்குத் தெரிகின்றன. திருமணம் ஆகாத இருவர் மட்டும் பட்டியலிலேயே சொந்தப் பெயரில் இருக்கிறார்கள். மீனாட்சி, பைக்கம். மனைவியே அல்ல என்று சொன்ன தீர்ப்பை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்கள், வரலாற்றில் மனைவியாக மட்டுமே பதிவாகியிருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இதற்குப் பின்னால் சிறைக்குப் போனவர்தான் நாம் பள்ளியில் படிக்கும் தில்லையாடி வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். சிறையிலேயே காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாள்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது பதினாறு. அவருக்குத் தில்லையாடியில் நினைவு மண்டபம் இருக்கிறது. அந்தப் பதினொரு பேருக்கு நம் பக்கத்தில் ஒரு தெருப் பெயர்கூட நான் பார்த்ததில்லை.

போய்ச் சேராத நடை

சித்தி இப்போது மெதுவாக நடந்துகொண்டே காட்டினார். காந்திக்கும் மண்டேலாவுக்கும் மார்பளவுச் சிலைகள். புதிதாக நட்ட மரக்கன்றுகள். தூரத்தில் குன்று. லெனேசியா அங்கிருந்து பக்கம். இனவெறி ஆட்சியில் இந்தியர்களை ஒதுக்கிக் குடியேற்றிய புறநகர் அது. அங்கே இருக்கும் தெரிந்தவர் ஒருவர் மூலம் சொல்லிவைத்துத்தான் சித்தியும் சித்தப்பாவும் போயிருந்தார்கள்.

"இவ்வளவு வெறிச்சுன்னு கிடக்கே. யாராவது வருவாங்களா இங்க?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு நாங்க மட்டும்தான்."

ஒரு காலத்தில் இரண்டாயிரம் பேர் இந்த இடத்தை நோக்கி நடந்து வந்தார்கள். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைச் சுரங்க முதலாளிகள் குடியிருப்பிலிருந்து விரட்டியபோது, அவர்களை எங்கே வைத்துச் சோறு போடுவது? டால்ஸ்டாய் பண்ணைதான் காந்திக்குத் தோன்றியது. நியூகாசிலிலிருந்து எல்லையோர ஊரான சார்லஸ்டவுன்வரை முதலில் நடை. 1913 நவம்பர் 6 அன்று அங்கிருந்து 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் கிளம்பினார்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. எட்டு நாள் நடந்தால் பண்ணை. பிடிக்கவில்லை என்றால், போராட்டம் முடியும்வரை அங்கேயே உழைத்துச் சாப்பிடுவது என்பது திட்டம்.

முன்னதாக வந்த நடையில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரில். இன்னொன்று, ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து தவறி. தாய்மார்கள் அதன்பிறகும் நடந்தார்கள் என்று காந்தி எழுதுகிறார். இதை ஆச்சியிடம் வாசித்துக் காட்டத் தோன்றவில்லை. வாசிக்கவில்லை.

வழியில் நான்கு நாள்களில் மூன்று முறை காந்தியைக் கைது செய்தார்கள். நடை நிற்கவில்லை. நவம்பர் 10 அன்று பால்ஃபர் என்ற ஊரில் மூன்று ரயில்களைத் தயாராக நிறுத்தி, அத்தனை பேரையும் ஏற்றி நேட்டாலுக்கே திருப்பி அனுப்பினார்கள். சுரங்க வளாகத்தையே சிறையாக்கி, அதே வேலையைச் செய்ய வைத்தார்கள். பண்ணைக்கு அவர்கள் வந்து சேரவே இல்லை.

அடுத்த வருடம் 3 பவுண்டு வரி போனது. திருமணங்கள் செல்லும் என்று சட்டம் வந்தது. 1914 ஜூலையில் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பினார்.

பண்ணை கைமாறியது. சுற்றியுள்ள மண் செங்கலுக்கு ஏற்றது என்பதால் செங்கல் தொழிற்சாலை வந்தது. வெகுகாலம் நின்ற வீட்டையும் பிற்பாடு ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஃபீனிக்ஸ் குடியிருப்பும் 1985 கலவரத்தில் எரிந்தது, ஆனால் திரும்பக் கட்டினார்கள். இங்கே கட்டவில்லை. ஜோகன்னஸ்பர்க் இந்தியர்கள் சிலர் சேர்ந்து புல்லை வெட்டி, வேலி போட்டு, மரம் நட்டதால்தான் இந்த அஸ்திவாரமாவது கண்ணுக்குத் தெரிகிறது.

வீடு போனாலும் குடும்பங்கள் போகவில்லை. தம்பி நாயுடு மொரிஷியஸில் பிறந்தவர், ஜோகன்னஸ்பர்க் தமிழர் சங்கத்தின் தலைவர். 1908-ல் காந்தியை நடுத்தெருவில் அடித்தபோது குறுக்கே விழுந்து அடி வாங்கியவர். காந்தி கிளம்பும்போது நடந்த பிரிவு விழாவில், அவரும் வீரம்மாளும் தங்கள் நான்கு மகன்களை அவரிடம் ஒப்படைத்தார்கள். அதில் ஒருவரான நாரணசாமி, காந்தியின் ஆசிரமத்தில் வளர்ந்து தென்னாப்பிரிக்கா திரும்பிப் போராட்டத்தில் இறங்கினார். அவர் மகன் இந்திரேஸ் நாயுடு ராபன் தீவில் பத்து வருடம் சிறையில் இருந்தார். மகள் சாந்தி நாயுடுவை 1969-ல் தனிமைச் சிறையில் அடைத்துத் தூங்கவிடாமல் விசாரித்தார்கள். வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். கூண்டில் ஏறி நின்று, சொல்லமாட்டேன் என்றார். வீரம்மாளின் பேத்தி!

"யம்மா, போன்ல சார்ஜ் தீரப்போகுது. போட்டோ எடுத்து அனுப்புதேன்" என்றார் சித்தி.

"இரு மக்கா. அங்க பூ ஏதும் கிடைக்குமா?"

"இந்தக் குளிருல என்னம்மா பூ? வெறும் புல்லுதான்."

"சரி, பாத்துப் போ."

கால் கட் ஆனது. ஆச்சி மடியில் கிடந்த சரத்தை எடுத்து முழம் போட்டுப் பார்த்தார். இரண்டு முழம் இருந்தது. மொட்டு இன்னும் மிச்சம் இருந்ததால் மறுபடியும் நாரைப் பிரித்தார்.

"அந்தக் கடைசி ரெண்டு பிள்ளைக பேரு என்னன்னு சொன்ன?"

"மீனாட்சி, ஆச்சி. இன்னொண்ணு பைக்கம்."

"தம்பி நாயுடு பெண்டாட்டி?"

"வீரம்மாள்."

"மத்தவளுவளுக்கும் எங்கயாவது எழுதியிருக்கும். தேடிப் பாரு" என்றார், மொட்டு கட்டிக்கொண்டே.